செவலைக்குக் கேட்காமல் மலேசியா இல்லை

வெளிநாட்டில் மலிவாகத் தங்க, சாப்பிட, சுற்ற நல்ல இடம் பிடித்துத் தருவதுதான் என் தொழில். அதாவது, ஊரில் இருக்கும்போது யாரும் கண்டுகொள்ளாத தலையணை, குழாய், சட்னி எல்லாவற்றுக்கும் விமானம் ஏறியதும் நான் ஒருவனே பொறுப்பாளி. கொல்லங்கோட்டில் ஒரு மாடி அறையில் ஆபீஸ். கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் பக்கத்து விவசாயக் குடும்பங்கள்தான் பெரும்பாலும் என் ஆட்கள். மூணாற்றில் ஒரு கூட்டாளி இருக்கிறான். அவன் எஸ்டேட் பக்கமிருந்து சிலரைச் சேர்த்துவிடுவான், லாபத்தில் பங்கு கேட்பான், திட்டு வாங்க மட்டும் வரமாட்டான்.

சொந்தக்காரர்களுக்கு லாட்ஜில் ரூம் போட்டுக் கொடுத்தவர்கள், கல்யாண வீட்டில் பந்தி விசாரித்தவர்கள், குடும்பத்தோடு பழனிக்கு வேன் பிடித்தவர்கள், நீங்கள் எல்லோரும் என் ஜாதிதான். நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதிதாக இருக்காது. கொஞ்சம் ஆறுதலாக இருக்கலாம், அவ்வளவுதான்.

மாட்டின் சம்மதம்

மலேசியாவுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தேன். மீனாட்சிபுரத்திலிருந்து ருக்குமணியக்கா பெயர் கொடுத்திருந்தார். சொசைட்டிக்கு நிறையப் பால் ஊற்றுகிற வீடு. சீட்டு எடுத்த காசில் வளையல் வாங்காமல் பாஸ்போர்ட் வாங்கியவர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, பிரசவத்தைத் தவிர்த்தால், வீட்டை விட்டு ஓர் இரவு வெளியே தங்கியதில்லையாம். விடியாமல் எழுந்து எல்லா மாடுகளையும் அவர்தான் கறக்க வேண்டும். எந்த மாட்டைக் கறக்கச் சொன்னாலும் அவர் கணவர் சின்னச்சாமி அண்ணன், "அது உன்ற கைக்குப் பழகிக்கிடக்குது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாராம்.

அட்வான்ஸ் வாங்கப் போன என்னை அண்ணன் மாட்டுச்சாளைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மற்ற மாடுகளை எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம், செவலைதான் பிரச்சினை என்றார். அதன் கன்று செத்துப்போய்விட்டது. அதிலிருந்து அக்கா பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுத்தால்தான் பால் விடும், இல்லாவிட்டால் அடக்கிக்கொள்ளும். அடக்கினால் மடி வீங்கிக் காய்ச்சல் வரும், மாடே கைவிட்டுப் போகும். அரைமணி நேரம் பேசி ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். இரண்டு வேளையும் வீடியோ கால். அண்ணன் போனை மாட்டின் காதோரம் கட்டித் தொங்கவிட்டுக் கறப்பார், அக்கா மலேசியாவிலிருந்து பேசுவார். மாடு பால் விடாவிட்டால் அக்காவை நான் உடனே திருப்பி அனுப்ப வேண்டும். இது மலிவு டிக்கெட், தேதி மாற்ற முடியாது என்று நான் சொன்னது மாடு உள்பட அங்கே யார் காதிலும் விழவில்லை.

கிளம்பும்போது அக்காவிடம் கேட்டேன், கோபுரம், குகைக்கோயில், கடல், இதில் எதைப் பார்க்க ரொம்ப ஆசை என்று. எல்லோரிடமும் கேட்பேன், பிறகு திட்டு வாங்கும்போது உதவும். அக்கா மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டே சொன்னார்: "எதையும் பாக்காட்டியும் கொழப்பமில்லீங்க தம்பி. ஒரு நாளாச்சும் பொழுது கெளம்புனப்பறம் எந்திரிக்கோணும். அதுக்குத்தானுங்க காசு கட்டறேன்."

கவிழ்த்தாலும் கொட்டாத தயிர்

கைப்பையில் தண்ணீர், எண்ணெய், திரவம் எதுவும் கூடாது என்று வாட்ஸ்அப்பில் போட்டேன், போன் செய்து சொன்னேன், கொச்சிக்குப் போகிற வேனில் எழுந்து நின்றும் சொன்னேன். கோவிந்தாபுரம் தங்கவேல் அண்ணன் தலையாட்டிக்கொண்டே வந்தார். ஸ்கேனரில் அவர் பை மட்டும் தனியாக ஒதுங்கியது. உள்ளே ஒரு பெரிய எவர்சில்வர் தூக்குப்போசி நிறையத் தயிர். தயிர் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது.

அதிகாரி திரவம் என்றார். தங்கவேல் அண்ணன் கெட்டி என்றார். வாக்குவாதம் முற்றி, அவர் மூடியைத் திறந்து தூக்குப்போசியை அதிகாரியின் மேஜைக்கு மேலேயே தலைகீழாகக் கவிழ்த்தார். எனக்கு உயிர் போய்விட்டது. ஒரு சொட்டு விழவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். அதிகாரிக்கே சிரிப்பு வந்தது, ஆனாலும் விடவில்லை. அந்தத் தயிரை நாங்கள் எல்லோரும் அங்கேயே ஓரமாக நின்று ஆளுக்கு ஒரு கை வாங்கித் தின்று தீர்த்தோம். என் சட்டையில் அதன் வாசம் கோலாலம்பூர் வரை வந்தது. பெல்ட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டே தங்கவேல் அண்ணன் என்னிடம் சொன்னார்: "எங்க சொசைட்டில பால் ஊத்தறப்பக்கூட இத்தன டெஸ்ட்டு வெக்க மாட்டாங்க, ஏனுங்க மணி."

ஜன்னல் இல்லாத அறை

கோலாலம்பூரில் மலிவான அறை வேண்டுமென்றால் ஒரே வழிதான். ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டும், ஜன்னலை மறந்துவிட வேண்டும். படுக்கை சுத்தமாக இருக்கும், குளியலறையில் வெந்நீர் வரும், ஏசி நடுக்கும். நான்கு பக்கமும் சுவர் மட்டும்தான். தூங்குவதற்கு எதற்கு ஜன்னல் என்பது என் கட்சி. தொழிலில் இருக்கிறவனுக்கு இப்படிச் சில கட்சிகள் வைத்துக்கொள்ளாமல் முடியாது.

ருக்குமணியக்காவோடு அறையைப் பகிர்ந்துகொண்டவர் கல்பாத்தி பார்வதி மாமி. பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தனியாக வந்தவர், எதையும் கணக்குப் பார்த்துத்தான் ஒப்புக்கொள்வார். அக்கா முதல் நாள் அந்த அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இங்கே பொழுது கிளம்பினால் எப்படித் தெரியும் என்று என்னைக் கேட்டார். நான் ஏசி ரிமோட்டைக் காட்டினேன்.

அடுத்த நாள் காலையில் இன்னொரு கொடுமையும் தெரிந்தது. ஊரில் விடியாமல் பால் கறக்கிற நேரம் இங்கே காலைப் பலகார நேரம். சரி, அக்கா நன்றாகத் தூங்கியிருப்பார் என்று நினைத்தேன். ஆனால் இந்த ஊரில் பொழுது கிளம்புவதே தாமதம். அந்த நேரத்திலும் வெளியே இருட்டுத்தான். அக்கா எழுந்து, அறையில் வைஃபை வராததால் கட்டிலின் மேல் ஏறி நின்று, போனை உத்தரத்துக்குக் காட்டிக்கொண்டு, "வாடி என் தங்கம், வாடி என் சாமி" என்று செவலையைக் கூப்பிட்டிருக்கிறார். மாமி போர்வையோடு எழுந்து வந்து என் கதவைத் தட்டினார்: "ஏண்டாப்பா மணி, ஜெயில்லகூட ஒரு ஜன்னல் உண்டாக்கும். இங்க ஜன்னலும் இல்லே, மாடு மாத்திரம் இருக்கு."

சாம்பார் வாளியும் கைபேசியும்

காலைச் சாப்பாடு சேர்த்து அறை போடக் கூடாது. வெளிநாட்டுக் காலைச் சாப்பாடு என்பது குளிர்ந்த ரொட்டி, குளிர்ந்த பழம், குளிர்ந்த பால். நம் ஆட்கள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மீதி நாளெல்லாம் என்னைச் சாப்பிடுவார்கள். டாக்சிக்காரர்கள் எங்கே சாப்பிடுகிறார்களோ அங்கே போக வேண்டும். அப்படித்தான் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு தமிழர் மெஸ்ஸைப் பிடித்தேன். இட்லி பரவாயில்லை, சாம்பார் நன்றாகவே இருக்கும், வைஃபை புயல் வேகம். இந்த மூன்றாவது காரணத்துக்காக ஒரு மெஸ்ஸைத் தேர்ந்தெடுத்தது என் தொழில் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

அக்கா இருட்டோடு கிளம்பி அங்கே போய்விடுவார். போனை சாம்பார் வாளியில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்காருவார். அந்தப் பக்கம் மாட்டின் காதும் ஒரு கொம்பும் தெரியும். அக்கா நாக்கால் சத்தம் கொடுப்பார், பெயர் சொல்லி அழைப்பார், நேற்று என்ன தின்றாய் என்று கேட்பார். கொஞ்ச நேரத்தில் வாளியில் பால் பீய்ச்சுகிற சத்தம் கேட்கும். அதைக் கேட்ட பிறகுதான் நாங்கள் எல்லோரும் இட்லியில் கை வைப்போம். அப்படி ஒரு பழக்கம் எங்களுக்குத் தானாக வந்துவிட்டது.

கடைக்காரர் மலேசியாவிலேயே பிறந்து வளர்ந்தவர். அக்கா பேசுவது மருமகளிடமோ பேத்தியிடமோ என்று நினைத்திருக்கிறார். மாடு என்று நான் சொன்னதும் கரண்டியை வைத்துவிட்டு வந்து போனை எட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "எங்க அம்மா எங்கிட்ட இப்படிப் பேசியிருந்தா நான் நல்லா படிச்சிருப்பேன்லா."

மட்டன் இல்லாத மட்டன்

அசைவம் தொடாதவர்களை மலிவாகச் சாப்பிட வைக்க வேண்டுமானால் சீனர்களின் சைவக் கடைகளை விட்டால் வழியில்லை. சோயாவில் செய்த மட்டன், மாவில் செய்த மீன் என்று அடுக்கி வைத்திருப்பார்கள். எல்லாமே சுத்த சைவம். நான் பலமுறை விளக்கிவிட்டுத்தான் மாமியை அங்கே உட்கார வைத்தேன். ஒரு துண்டை எடுத்துப் பார்த்தார். அதில் நார் நாராக இருந்தது, தோல்கூட இருந்தது. மாமி தட்டை மெதுவாகத் தள்ளி வைத்தார்.

பக்கத்து மேஜையில் தங்கவேல் அண்ணன் அதே தட்டை இரண்டாம் முறை வாங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு அதில் மட்டன் இல்லை என்பதுதான் குறை. இரண்டு பேருக்கும் நடுவில் நான் நின்றேன். மாமிக்கு ஒரு வாழைப்பழமும் வெறும் சாதமும் வாங்கிக் கொடுத்தேன். அதைப் பிசைந்துகொண்டே மாமி சொன்னார்: "மட்டன் இல்லாத்ததை மட்டனாட்டம் பண்றதுக்கு இத்தனை பாடு படறாளே, கத்திரிக்காயைக் கத்திரிக்காயாப் பண்ணிக் குடுத்தா என்னவாம்?"

காசில்லாமல் பார்த்த கோபுரம்

இரட்டைக் கோபுரத்தில் மேலே ஏற டிக்கெட் உண்டு. கீழே பூங்காவில் உட்கார்ந்து பார்க்க ஒன்றும் கிடையாது. கழுத்து வலிக்கும், அவ்வளவுதான். பொழுது சாய்கிற நேரத்தில் நீரூற்றுக்கும் விளக்குக்கும் காத்துக்கொண்டு உட்கார்ந்தால், எந்தப் பாக்கேஜிலும் கிடைக்காத சாயங்காலம் அது. எல்லோரையும் நல்ல இடமாகப் பார்த்து உட்கார வைத்தேன்.

அப்போதுதான் ஊரில் மதியக் கறவை. அக்கா கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார், அந்தப் பக்கம்தான் முகத்தில் வெளிச்சம் விழுகிறது என்று. செவலையோடு பேசி முடித்து, பால் சத்தம் கேட்டு, மூச்சு விட்டபோது நீரூற்று அடங்கிவிட்டது. எங்கள் குழுப் படங்களில் எல்லோரும் கோபுரத்தைப் பார்க்கிறார்கள், அக்கா மட்டும் மடியைப் பார்க்கிறார். நடுவில் ஒரு தடவை அவர் ஆசையாகப் போனைத் திருப்பிக் கோபுரத்தைக் காட்டினார். சின்னச்சாமி அண்ணனின் குரல் பூங்கா முழுக்கக் கேட்டது: "அது அங்கயேதான் நிக்கும் புள்ள. நீ மொதல்ல மாட்டுகூடப் பேசு."

தேயிலைக்காரருக்குத் தேயிலை

மலேசியாவில் நம் ஆட்களுக்குப் பிடித்த குளிர்ப்பிரதேசம் கேமரன் மலை. பஸ் வாடகை குறைவு, அறை மலிவு, தேயிலைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு டீ குடிக்கலாம். எல்லாப் பயணத்திலும் இதைச் சேர்த்துவிடுவேன். இந்த முறை மூணாற்றுக் கூட்டாளி சேர்த்துவிட்ட மாடசாமி அண்ணாச்சியும் அவர் மனைவியும் குழுவில் இருந்ததை யோசிக்கவில்லை. அண்ணாச்சி எஸ்டேட் பேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி கொழுந்து கிள்ளியவர், இருவரும் லயம் என்கிற எஸ்டேட் வரிசை வீட்டிலேயே குடியிருந்தவர்கள். அவர்களை விமானத்தில் ஏற்றி, கடல் தாண்டிக் கூட்டிப்போய், தேயிலைத் தோட்டத்தின் முன்னால் நிறுத்தி, "பாருங்க" என்று சொன்னவன் நான்.

எல்லோரும் படம் எடுத்தார்கள். அண்ணாச்சியின் மனைவி கூடை மாட்டிக்கொண்டு படம் எடுக்கிற வரிசையைப் பார்த்துவிட்டு, போய்ப் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டார். அண்ணாச்சி டீயை ஒரு வாய் குடித்தார், மலையை ஒரு சுற்றுப் பார்த்தார், என் தோளில் கை போட்டார். கோபமெல்லாம் இல்லை. பரிதாபம்தான் இருந்தது, என் மேல்: "எங்க லயத்துக்குப் பின்னால கக்கூசுக்குப் போனாலே இதத்தான தம்பி பாக்கோம்."

சிக்னல் இல்லாத மலை

அந்த மலையில் அண்ணாச்சியின் பரிதாபத்தைவிடப் பெரிய தொல்லை காத்திருந்தது. மழை பிடித்துக்கொண்டது. போனில் ஒரு கோடுகூட இல்லை. விடுதி வைஃபை போய்விட்டது. வரவேற்பில் இருந்தவர் கையை விரித்தார். மதியக் கறவை போயிற்று. அக்கா குடையோடு ரோட்டில் மேலும் கீழும் நடந்தார், நானும் பின்னாலேயே நடந்தேன். அடுத்த நாள் காலைக் கறவையும் போயிற்று. மலையிறங்கிப் பினாங்குக்குப் போகிற வழியில்தான் போனுக்கு உயிர் வந்தது. வந்ததும் என் போன்தான் முதலில் அடித்தது. சின்னச்சாமி அண்ணன். இரண்டு வேளையும் அடக்கிவிட்டதாம், மடி கல்லாட்ட இருக்கிறதாம்.

பஸ்ஸை ஓரம் கட்டச் சொன்னேன். அக்கா ரோட்டோரம் நின்று கூப்பிட்டார். நாக்கைத் தட்டினார், கெஞ்சினார். செவலை போனைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டது. ஒரு நாள் குரல் வராமல் போனதில் அதற்குப் போன் மேலிருந்த நம்பிக்கை போய்விட்டது. எனக்கும் அப்படிப் பலமுறை போயிருக்கிறது. அண்ணன், பால் இறங்க வைக்கிற ஊசியைப் போட்டுவிடலாம் என்றார். அக்கா அன்றைக்குத்தான் முதல் முறையாகச் சத்தம் போட்டார், ஊசி போட்டால் நான் வீட்டுக்கே வரமாட்டேன் என்று. அப்படியானால் கிளம்பி வா என்று அவரும் சத்தம் போட்டு வைத்துவிட்டார். பினாங்கில் சாயங்காலம் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். ம்ஹூம்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே அக்கா பெட்டியைக் கட்டிவிட்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. மாட்டின் மேல், மனுஷன் மேல், மழையின் மேல். ஒரு பெண் தன் வாழ்நாளில் கேட்டது ஒரு காலைத் தூக்கம், அதைக்கூட என்னால் பிடித்துத் தர முடியவில்லை. அடுத்த நாள் சாயங்காலம் ஒரு விமானம் இருந்தது. குழுவே அதற்கு மறுநாள் காலையில் திரும்புகிறது, இன்னும் ஒரு நாள் பொறுத்தால் மடி வீக்கம் இறங்காதா, டாக்டரை மட்டும் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாமா என்று கேட்டுப் பார்த்தேன். அக்கா வேண்டாம் என்று தலையை ஆட்டினார்: "டிக்கெட் போடுங்க தம்பி. எப்படியும் இருட்டுலதானுங்க எந்திரிக்கறேன், அத எங்கூட்டுலயே எந்திரிச்சுக்கறனுங்க."

சேலை

காலையில் டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று நான்தான் சொன்னேன். பினாங்கில் கடற்கரை ரோட்டு டீக்கடை. குழு முழுக்க அக்காவைச் சுற்றி நின்றது. மாமி கண்ணை மூடி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மாடசாமி அண்ணாச்சி டீயைத் தொடவில்லை. அந்தப் பக்கம் போன் எடுக்கப்பட்டது, ஆனால் யாரும் பேசவில்லை. எடுத்தவர் அதை அப்படியே தூணில் கட்டித் தொங்கவிட்டுவிட்டார் போலிருக்கிறது. முதலில் ஓலைக்கூரை தெரிந்தது. பிறகு செவலை. பிறகு செவலையின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஒரு பெண்பிள்ளை கறந்துகொண்டிருந்தாள். பச்சைச் சேலை, தலையில் முக்காடு. வாளியில் பால் சத்தம் நன்றாகக் கேட்டது.

யார் அது என்று அக்கா உற்றுப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். முக்காட்டுக்குள் மீசை தெரிந்தது. அக்கா மாட்டுச்சாளைக்குப் போகும்போது கட்டுகிற பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு, வாயைத் திறக்காமல், மடி நிறையப் பாலைக் கறந்துகொண்டிருந்தவர் சின்னச்சாமி அண்ணன். பஞ்சாயத்தில் எல்லோரும் எழுந்து நின்று வணக்கம் சொல்கிற மனுஷன். தங்கவேல் அண்ணனால் அடக்க முடியவில்லை. "ஏனுங்க சின்னச்சாமியண்ணா, ரவிக்கை எங்கீங்க?" என்று கத்திவிட்டார். அந்தப் பக்கம் வாளி உருண்டது, படம் கவிழ்ந்தது, அழைப்பு அறுந்தது.

டீக்கடை முழுக்கச் சிரித்தது. மாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன், டிக்கெட் பக்கத்தை மூடிக்கொண்டே. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு அணைந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாடு பிழைத்துக்கொண்டதே அக்கா என்றேன். தலையாட்டினார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார், யாரையோ குற்றம் சொல்கிற குரலில் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற குரலில்: "என்ற பழைய சீலைக்கே சொரந்துபோடுதுன்னா, இத்தன வருசம் நான் எதுக்குங்க தம்பி இருட்டுல எந்திரிச்சேன்?"

பொழுது கிளம்பிய பிறகு

அன்றைக்கு அக்கா யாருக்கும் போன் செய்யவில்லை. கடலில் முட்டளவு இறங்கி நின்றார், பொரித்த வாழைப்பழம் வாங்கித் தின்றார், அதிகம் பேசவில்லை. நான் விடுதியில் போய் வாதாடி, அவருக்கும் மாமிக்கும் கடலைப் பார்த்த ஜன்னல் உள்ள அறையாக மாற்றிக் கொடுத்தேன். அந்த வாடகை வித்தியாசத்தை யார் தலையில் எழுதினேன் என்று கேட்காதீர்கள்.

மறுநாள் காலையில் விமானத்துக்குப் போக வேண்டும். பஸ் வந்து நின்றுவிட்டது. மாடசாமி அண்ணாச்சி முன் சீட்டில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்க்கிறார். தங்கவேல் அண்ணன் ஹாரனை அடிக்கச் சொல்கிறார். அக்காவை மட்டும் காணோம். மேலே ஓடினேன். அறைக்கு வெளியே நாற்காலி போட்டு மாமி காவலுக்கு உட்கார்ந்திருந்தார், மடியில் கைப்பை. உள்ளே அக்கா தூங்குகிறார், எழுப்பக் கூடாது என்றார். விமானம் போய்விடும் மாமி என்றேன். நீ போட்ட நேரக் கணக்கில் எங்காவது அரைமணி நேரம் மிச்சம் ஒளிந்திருக்கும், எனக்குத் தெரியும் என்றார். உண்மைதான், அதை யாருக்கும் சொல்வதில்லை. கதவிடுக்கில் பார்த்தேன். திரைச்சீலை திறந்து கிடந்தது, வெயில் கட்டிலின் கால்மாட்டைத் தாண்டி அக்காவின் முழங்கால் வரை வந்திருந்தது. வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். நானும் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

பஸ் கிளம்பியபோது ஊர் நன்றாக வெளுத்திருந்தது. அக்கா தலையைக்கூடச் சரியாக வாரவில்லை. போன் அடித்தது. ஸ்பீக்கரில் சின்னச்சாமி அண்ணன், ரொம்ப மரியாதையான குரலில். மாடு நன்றாக இருக்கிறது, நேரத்துக்குக் கறந்தாயிற்று, ஒரு குறையும் இல்லை என்றார். நாளைக் காலைக் கறவைக்கு வந்துவிடுவாயல்லவா என்று கடைசியில் மெதுவாகக் கேட்டார். பஸ்ஸே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. அக்கா ஜன்னல் வழியாக வெயிலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஊட்டுக்கு வந்துருவேனுங்க மாமா. அந்தச் சீல மட்டும் உங்ககிட்டயே இருக்கட்டுங்க."

வெளிநாட்டில் மலிவாகக் கிடைக்கிற நல்ல சரக்கு ஒரு காலைத் தூக்கம்தான் என்று இத்தனை காலம் கழித்துக் கண்டுபிடித்திருக்கிறேன், அதையும் வாடிக்கையாளர்கள்தான் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.